பச்சை நூல் மூட்டை

என்மேல் ஏதாவது வாசனை வருகிறதா? உண்மையைச் சொல்லுங்கள் அம்மா, வருத்தப்பட மாட்டேன். பொள்ளாச்சியில் ஏறி உட்கார்ந்ததுமே நீங்கள் முந்தானையை ஒருமுறை மூக்கருகே கொண்டுபோனீர்கள். அதற்கு முன்பே, நான் ஏறிய உடுமலையில் கண்டக்டரும் கேட்டார், "பைக்குள்ள ஓமவாட்டர் பாட்டில் எதாச்சும் ஒடஞ்சுபோச்சாம்மா?" என்று. பின் சீட்டில் யாரோ சிரித்தார்கள். நான் தலையை மட்டும் ஆட்டினேன். எனக்கு ஒன்றும் தெரிவதில்லை. ஆறு வாரம் அதிலேயே கிடந்து மூக்கு பழகிவிட்டது.

ஓமம்தான். கூடக் கற்பூரவல்லி, கிராம்பு, இலவங்கப்பட்டை. இவற்றின் எண்ணெயை ஒரு பொடியில் ஏற்றிக் கறிக்கோழித் தீவனத்தில் கலப்பார்கள். சிரிக்காதீர்கள். கோழிக்கு ஆன்டிபயாடிக் போட்டு வளர்க்காதே என்று எல்லோரும் சொல்கிறார்களே, அதற்குப் பதிலாக. குழந்தைக்கு வயிறு உப்பினால் ஓமத் தண்ணீர் கொடுக்கிறோம் இல்லையா? கோழிக்கும் குடல் இருக்கிறது. குடல் நன்றாக இருந்தால் தின்றது உடம்பில் ஒட்டும். நான் படித்தது உயிர்வேதியியல். இப்படிக் கைவைத்தியம் மாதிரிச் சொன்னால் எங்கள் சார் திட்டுவார், ஆனால் விஷயம் இதுதான்.

நான் இப்படிப் பேசுகிறவள் இல்லை. கல்லூரியில் மூன்று வருடம் என் பக்கத்தில் உட்கார்ந்தவளிடம் என் பெயரைக் கேட்டால் யோசித்துத்தான் சொல்லுவாள். கௌசிகா. என்னை யாரும் கவனிக்க மாட்டார்கள், அது எனக்குப் பழகிப்போனது. ஆனால் நான் எல்லாவற்றையும் கவனிப்பேன். அதனால்தான் என் மேலதிகாரி ஆனந்தன் சார் இந்தத் தீவனச் சோதனைக்கு என்னை அனுப்பினார். "நீ பேச மாட்ட, பாப்ப. சோதனைக்கு அப்படி ஆள்தான் வேணும்" என்றார். இன்று மூன்று மணிக்கு அவர் மேசையில் அறிக்கையை வைக்க வேண்டும். வைத்தால் வேலை உறுதி. ஆறு மாதமாக என் அடையாள அட்டையில் 'பயிற்சியாளர்' என்றே இருக்கிறது. அறிக்கை இந்தப் பையில்தான் இருக்கிறது. அதில் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி, அந்த ஒரு வரிதான்... இருங்கள், முறையாகச் சொல்கிறேன். கிணத்துக்கடவு தாண்டிவிட்டோமா? இன்னும் இல்லையா. சரி.

பெதப்பம்பட்டிக்குப் பக்கத்தில் சாந்தாமணி அக்கா என்று ஒருவர். அவருக்கு இரண்டு கோழிக் கொட்டகை. குஞ்சும் தீவனமும் கோழிக் கம்பெனி கொடுக்கும், இவர்கள் வளர்த்துத் தருவார்கள். மேற்குக் கொட்டகையில் இரண்டாயிரம் குஞ்சு, கிழக்கில் இரண்டாயிரம். எல்லாம் ஒரே நாளில் பொரித்தவை. மேற்குக்கு எண்ணெய் கலந்த தீவனம், மூட்டை வாயில் பச்சை நூல் தையல். கிழக்குக்குச் சாதாரணத் தீவனம், வெள்ளை நூல். நாற்பத்திரண்டு நாள். ஒரு பக்கம் கொடுத்து இன்னொரு பக்கம் கொடுக்காமல் இருந்தால்தானே எண்ணெய் வேலை செய்கிறதா என்று தெரியும்? சின்னக் குழந்தைக்கும் புரியும். அக்காவுக்குப் புரியவில்லை. இல்லை, புரிந்தது. புரிந்தும் செய்தார். அதுதான் என் ஆத்திரம்.

மூட்டை இறக்கிய அன்றே கேட்டார். "இது எதுக்கு அம்மிணி பச்ச நூலு?"

சொன்னேன்.

"அப்ப கெழக்கால செட்டுல இருக்கறதுகளுக்கு?"

"அதுகளுக்கு இல்லைங்க்கா."

"ஏன், அதுக என்ன தப்புப் பண்ணுச்சு?"

நான் விளையாட்டுக்குக் கேட்கிறார் என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கட்டிலில் இருந்து அவர் வீட்டுக்காரர் நாச்சிமுத்து அண்ணன்தான் அதட்டினார். "படிச்ச புள்ள சொன்னாக் கேட்டுக்க. கோழிக்கு வக்கீலு வேற வெக்கணுமா?" அவர் இரண்டு வருடம் முன்பு கூரைத் தகரம் மாற்றும்போது விழுந்து இடுப்பு போனவர். தடி ஊன்றி வாசல்வரை வருவார். மூட்டை தூக்குவது, தண்ணீர்க் குழாய் கழுவுவது, கோழிக்கு மெத்தையாகத் தரையில் பரப்பிய தென்னை நார்த்தூளைக் கிளறுவது எல்லாம் அக்காதான்.

எனக்குத் தீவன அறைக்கு ஒட்டிய அறையைக் கொடுத்தார்கள். அந்தத் தீவன அறைச் சாவி... அது வேறு விஷயம், பிறகு சொல்கிறேன்.

சாப்பாடு அவர்கள் வீட்டில். போன அன்றைக்குக் கத்திரிக்காய்க் குழம்பு. எனக்குக் கத்திரிக்காய் இறங்காது, ஆனால் சொல்லத் தயக்கம். சோற்றுக்கு அடியில் ஒதுக்கி வைத்துச் சாப்பிட்டு எழுந்தேன். அதற்குப் பிறகு கத்திரிக்காய் வரவே இல்லை. சந்தையில் கிடைக்கவில்லை போல. குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது, ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டுதான் குளிப்பேன். நாலாம் நாள் புதுத் தாழ்ப்பாள் அடித்திருந்தது. அவர்களுக்கே வேண்டியிருக்கும். காபியில் ஆடை மிதந்தால் எனக்குக் குமட்டும். அதையும் யாரோ வடிகட்டத் தொடங்கினார்கள், நல்லவேளை. நான் வாய் திறந்து எதுவும் கேட்டதில்லை. எனக்குத் தேவையும் இல்லை. ஓரமாக இருந்து பார்த்து எழுதிக்கொள்வேன், அவ்வளவுதான்.

ஏன் சிரிக்கிறீர்கள்? சரி, விடுங்கள்.

முதல் வாரம் எனக்குத் தலைவலி. மேற்குக் கொட்டகைக்குள் போனால் கண் எரியும், அப்படி ஒரு வாசனை. கிழக்கில் வெறும் கோழி நாற்றம். கண்ணைக் கட்டிவிட்டாலும் எந்தக் கொட்டகை என்று சொல்லிவிடலாம். பிறகு மூக்கு மரத்துவிட்டது. எந்த நாள் என்று என்னால் சொல்ல முடியவில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் என்னிடம் தேதி இருக்கிறது, இதற்கு மட்டும் இல்லை.

எட்டாம் நாள் கிழக்கில் ஒன்பது குஞ்சு செத்தது. எச்சம் தண்ணீராகப் போயிற்று. ஒன்பதாம் நாள் இருபத்தொன்று. மேற்கில் இரண்டு, மூன்று என்று சும்மா எப்போதும் சாகிற கணக்கு. பத்தாம் நாள் கிழக்கில் முப்பத்துநாலு. சார் போனில் துள்ளினார். "பாத்தியா, எண்ணெய் வேலை செய்யுது. அப்படியே போகட்டும், எதையும் தொடாத." நான் "சரி சார்" என்றேன். சாரிடம் நான் சொல்வது அந்த ஒன்றுதான்.

அன்று முப்பத்துநாலையும் எண்ணிக் குழியில் கொட்டினேன். பத்து நாள் குஞ்சு எப்படி இருக்கும் தெரியுமா? இறக்கையில் மட்டும் முடி முளைத்து, மற்ற இடமெல்லாம் மஞ்சள் பஞ்சு. சோதனை என்றால் அப்படித்தான், எனக்குத் தெரியும். நான் அழவெல்லாம் இல்லை. காலி மூட்டைமேல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். யாரும் பார்க்கவில்லை. மதியம் சாப்பாட்டுக்குப் போகவில்லை. அக்கா ஒரு போசியில் தயிர்ச்சோறு போட்டு அறைக்குக் கொடுத்துவிட்டார். பசிக்கவில்லை. அப்படியே திருப்பி வைத்துவிட்டேன். அவ்வளவுதான் நடந்தது.

அடுத்த நாள் பதினைந்து. அதற்கடுத்த நாள் ஆறு. பிறகு மூன்று, இரண்டு. கிழக்கு தானாகவே சரியாகிவிட்டது. 'இறப்பு இயல்பாகக் குறைந்தது' என்று நானே எழுதினேன். இந்த நோட்டில், இதோ, என் கையெழுத்து. அதற்குப் பிறகு வாரா வாரம் எடை போட்டால் இரண்டு கொட்டகையும் அக்கா தங்கை மாதிரி ஒன்றாகவே வளர்ந்தன. அந்தப் பண்ணையில் முன்பு வளர்த்த எந்தக் கோழியையும்விட நல்ல எடை, இரண்டிலுமே. சார் துள்ளுவதை நிறுத்திவிட்டார்.

முந்தாநாள் கோழி பிடிக்க லாரி வந்தது. பிடிக்கிற ஆட்களில் ஒருவர் கிழக்குக் கொட்டகைக்குள் நுழைந்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்னுங்க்கா, இந்தத் தடவ ரெண்டு செட்டும் கல்யாண வீட்டுச் சமையக்கட்டாட்டம் மணக்குது?"

அக்கா கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னார், "பின்ன? பந்தியில ஒரு எலைக்கு நெய்ய ஊத்திப்போட்டுப் பக்கத்து எலையத் தாண்டிப் போறதா? அது எந்த ஊரு மொற?"

நான் எடைத் தாளோடு நின்றுகொண்டிருந்தேன். நாற்பத்திரண்டு நாளில் முதல் தடவையாக நானாக ஒரு கேள்வி கேட்டேன். "அக்கா, கிழக்குக்கு என்ன தீவனம் போட்டீங்க?"

"பச்ச ஒரு மூட்ட, வெள்ள ஒரு மூட்ட. தார்ப்பாயில கொட்டிக் கெளறிப்போட்டு, ரெண்டு செட்டுக்கும் சரிபாதி."

மறைத்துச் சொல்லவில்லை. அரிசி களைவதைச் சொல்வது போலச் சொன்னார்.

"எப்ப இருந்து?"

"அந்த முப்பத்திநாலு செத்துதல்ல, அதுக்கு மக்யா நாளு." அதாவது பதினொன்றாம் நாள்.

"ஏங்க்கா எங்கிட்டச் சொல்லல?"

"நீ கேக்கலயே அம்மிணி." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். "அன்னிக்கு நீ சாப்படவே இல்லயே. போசி அப்படியே வந்துச்சு. மூட்டமேல குக்கிக்கிட்டு ஒரு மணி நேரம். குஞ்சுகளும் சாவுது, புள்ளயும் பட்டினி. எப்படிப் பாத்துட்டு இருக்கறது?"

இதை நான் எத்தனை தடவை யோசித்துவிட்டேன் தெரியுமா? நான் சாப்பிடாததற்கும் கோழித் தீவனத்துக்கும் என்ன சம்பந்தம்? ஒரு சோதனையில் இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? அதுவும் நான் மூட்டைமேல் உட்கார்ந்தது அவருக்கு எப்படித் தெரிந்தது என்பதே எனக்குப் புரியவில்லை.

அது ஒத்தக்கால்மண்டபமா? கிணத்துக்கடவு எப்போது போனது? வேகமாகப் போகிறான்.

நேற்று சார் போன் செய்தார். நான் சொல்வதற்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார். வரைபடத்தில் பத்து நாள் பிரிந்து போன இரண்டு கோடும் பதினொன்றாம் நாளில் இருந்து எப்படி ஒட்டும் என்று கேட்டார். "அந்தம்மா கலந்திருக்காங்க கௌசிகா. ஒரே வரி எழுது. பண்ணைக்காரர் அனுமதியில்லாமல் தீவனத்தை மாற்றினார்னு. உன்மேல ஒண்ணும் வராது. அந்தப் பண்ணைக்குக் குஞ்சு நிறுத்திடுவாங்க. உனக்கு வேற பண்ணை, புதுசா ஆரம்பிக்கலாம்." நான் என்ன சொன்னேன்? சரி சார். எழுதியும் விட்டேன், அவர் சொல்லச் சொல்ல. கீழே கையெழுத்து மட்டும் போடவில்லை.

அது பொய் இல்லை, பாருங்கள். கலந்தாரா? கலந்தார். அனுமதி கேட்டாரா? கேட்கவில்லை. உள்ளதைத்தானே எழுதியிருக்கிறேன். நான் அவரை ஒரு வார்த்தை திட்டவில்லை. காலையில் கிளம்பும்போதுகூட எதுவும் சொல்லவில்லை. இப்படி ஒரு வரி என் பையில் இருப்பது அவருக்குத் தெரியாது. அண்ணன் விழுந்த வருடம் நாலு மாதம் குஞ்சு கொடுக்காமல் கம்பெனி நிறுத்தி வைத்ததாம். அப்போதும் தினமும் போய் இரண்டு கொட்டகையையும் கூட்டுவாராம். ஒருநாள் நார்த்தூளைக் கிளறிக்கொண்டே சொன்னார், "காலிச் செட்டுக்குள்ள நின்னா காது கொய்யின்னு இருக்கும் அம்மிணி. நாலாயிரம் குஞ்சு கத்தறதுதான் எனக்கு அமைதி."

அதை நான் நோட்டில் எழுதவில்லை. எழுதக் கட்டம் இல்லை.

உங்களால் எனக்கு ஓர் உதவி ஆக வேண்டும். இதோ இரண்டு சின்னப் பை. ஐந்தாம் வாரம் தீவனத் தட்டுகளில் இருந்து நான் எடுத்தது. இதில் 'மேற்கு' என்று இருக்கிறது, இதில் 'கிழக்கு'. ஆய்வகத்துக்கு. கொஞ்சம் முகர்ந்து பாருங்கள், கோழித் தீவனம்தான், ஒன்றும் ஆகாது. என் மூக்கு உதவாது.

இரண்டும் ஒன்றுபோலவா? நன்றாகப் பார்த்தீர்களா?

தெரியும். யாராவது ஒருவர் வாயால் கேட்க வேண்டும் போல இருந்தது. கோழி பிடிக்க வந்தவர் வாசலில் நின்ற நிமிடத்திலேயே தெரிந்துகொண்டார். உங்களுக்கு ஒரு மூச்சில் தெரிகிறது. நான் முப்பத்திரண்டு நாள் அங்கேயே நின்றிருக்கிறேன்.

சாவி விஷயத்தைச் சொல்கிறேன் என்றேன் இல்லையா?

தீவன அறைச் சாவி சோதனை பார்ப்பவரிடம்தான் இருக்க வேண்டும். நான்தான் திறக்க வேண்டும், தீவனம் போடும்போது நான்தான் கூட நிற்க வேண்டும். விதி அது. முதல் நாள் அப்படித்தான் செய்தேன். இரண்டாம் நாள் விடியும் முன்னே அக்கா வந்து கதவைத் தட்டினார். நான் தலை கலைந்து, நைட்டியோடு இருந்தேன். வாசலில் அண்ணன் தடியோடு நின்றுகொண்டிருந்தார். எனக்குக் கூச்சமாகப் போயிற்று. கதவைக் கொஞ்சமாகத் திறந்து சாவியை நீட்டிவிட்டேன். "நீங்களே வெச்சுக்கங்க அக்கா." அவர் தயங்கினார். "உங்கிட்ட இருக்கோணும்னாங்களே?" என்றார். "பரவாயில்லைங்க்கா" என்றேன். பிறகு திருப்பிக் கேட்க ஒரு மாதிரி இருந்தது. நான் எழுந்து குளித்து எட்டு மணிக்கு வருவேன். அதற்குள் தீவனம் போட்டு முடிந்திருக்கும். காலி மூட்டைகளை எண்ணுவேன், பச்சை இத்தனை, வெள்ளை இத்தனை. சரியாகவே இருந்தது. இரண்டு கொட்டகையும் ஒரே அளவு தின்றால் சரியாகத்தானே இருக்கும்.

இந்த நோட்டில் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கட்டம் உண்டு. 'தீவன அறைச் சாவி யாரிடம்?' பாருங்கள். என்னிடம். என்னிடம். என்னிடம். திருப்புங்கள், எல்லாப் பக்கத்திலும். பக்கத்தில் கையெழுத்து. முதல் நாள் மட்டும்தான் உண்மை.

அவர் ஒரு பொய்யும் சொல்லவில்லை. கேட்ட உடனே சொல்லிவிட்டார். நான் கேட்கவில்லை.

இன்றைக்குக் காலையில் பஸ் ஏற்ற வந்தபோது சாவியை என் கையில் வைத்து மூடினார். "இந்தா உன்ற சாவி. உங்கிட்ட இருக்கோணும்னு சொன்னாங்க, எங்கிட்டயே கெடந்துச்சு. போய்க் குடுக்கறப்ப உங்கிட்டத்தான் இருந்துச்சுன்னே சொல்லு, உனக்கு ஏச்சுப்பேச்சு வரக்கூடாது" என்றார். அந்தச் சாவி இதே பையில் இருக்கிறது. பொள்ளாச்சியில் இருந்து இதன்மேல்தான் கையை வைத்துக்கொண்டு வருகிறேன்.

அதுதான் என் ஆத்திரம் என்று முதலில் உங்களிடம் சொன்னேன். யார்மேல் என்று நீங்கள் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

உங்களிடம் பேனா இருக்கிறதா? என் பேனா காலையில் இருந்தே எழுதவில்லை, நானும் அதைக் காரணமாக வைத்துக் கையெழுத்துப் போடாமல் வந்தேன். நன்றி. முதலில் இந்த வரி. பண்ணைக்காரர் அனுமதியில்லாமல்... அடித்துவிட்டேன். பஸ் ஆட்டத்தில் கோடு கோணலாகப் போகிறது, பரவாயில்லை. 'தீவன அறைச் சாவியை இரண்டாம் நாளே நான் கொடுத்துவிட்டேன். இரண்டு தீவனமும் கலந்தன. இந்தச் சோதனை செல்லாது. பொறுப்பு என்னுடையது.' சரியாக இருக்கிறதா? 'எண்ணெய் பயனில்லை என்று இதிலிருந்து முடிவு செய்யக் கூடாது' என்றும் சேர்க்கிறேன். பத்து நாள் அது வேலை செய்ததை நான் பார்த்தேன். அதையாவது சரியாகப் பார்த்தேன். சார் என்ன சொல்வார் என்று தெரியும். 'சரி சார்' என்று சொல்லாமல் இருக்கத்தான் பழக வேண்டும், மூன்று மணிக்குள்.

இனி இந்தக் கட்டங்கள். நாற்பத்தொன்று. ஒவ்வொன்றிலும் 'என்னிடம்' என்பதை அடித்து 'கொடுத்துவிட்டேன்' என்று எழுத வேண்டும். அது ஈச்சனாரிக் கோயில்தானே? உக்கடம் போய்ச் சேர்வதற்குள் முடித்துவிடுவேன்.

உங்கள் காலடியில் ஒரு துணிப் பை இருக்கிறது பாருங்கள். அதில் இரண்டு பொட்டலம். ஒன்று எனக்கு, ஒன்று உங்களுக்கு. உங்களுக்குத்தான். "பஸ்ஸுல பக்கத்துல ஒருத்தர் இருப்பாங்கல்ல, அவங்கள வெச்சுட்டு நீ மட்டும் எப்படித் திம்ப? கூச்சப்பட்டுக்கிட்டு நீயும் திங்காமக் கொண்டுபோயிருவ" என்று சொல்லிக் கட்டிக் கொடுத்தார். யார் உட்காருவார்கள் என்று தெரியாமலேயே.

நீங்கள் பிரியுங்கள். நான் இந்தப் பக்கத்தை முடித்துவிட்டு வருகிறேன். அரிசிம்பருப்புச் சோறாக இருக்கும், கத்திரிக்காய் போடாமல் செய்திருப்பார். பிரித்துவிட்டீர்களா?

வாசனை எப்படி இருக்கிறது, சொல்லுங்கள்.